வாடை சொல்லும் சேதி



மண் மாதிரி எடுக்கும் முறையைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு கடிதம் மட்டும் மண்ணைப் பற்றியது அல்ல. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியது. அப்படியே தருகிறேன்.

“ஐயா, மண்ணை எடுத்துக் கொடுத்தா அதுல என்ன சத்து இருக்கு, என்ன இல்லைன்னு சொல்லிடுறாங்க. அதே மாதிரி மனுசனோட சிறுநீர் வாடையை வச்சே என்ன நோய்னு சொல்லுற மெசின் வந்திருக்காமே? எங்க அப்பாவுக்கு அறுபத்திரெண்டு வயசு. ரெண்டு மாசமா அவர் போய்ட்டு வந்தா குளியலறையில ஒரு மாதிரி இனிப்பு வாடை அடிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறார். எங்க அனுப்பணும்னு மட்டும் சொல்லுங்க. அவருக்குத் தெரியாம எடுத்து அனுப்பிடுறேன்.”

கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தது. அன்றைக்கே கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்பதையும், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் கடைசியில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது வேளாண்மை, மருத்துவம் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவசரமாக போன் போட்டதற்குக் காரணம் உண்டு.

மாட்டுக்கு நீட்டிய மூக்கு

1998-ம் வருடம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பல்லடம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குச் சோளப் பயிர் பார்க்கப் போயிருந்தேன். கட்டுத்தறியில் கன்று ஈன்று மூன்று வாரமான கலப்பினப் பசு ஒன்று. நல்ல கறவை. நான்கு நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை, வைக்கோலை மட்டும் கொறிக்கிறது, பால் பாதியாகிவிட்டது, உடம்பு வற்றிக்கொண்டே போகிறது என்றார் தோட்டக்காரர். கிட்டே போனதும் அதன் மூச்சில் ஒரு வாடை. அழுகத் தொடங்கிய பழமும் நகப்பூச்சை அழிக்கும் திரவமும் கலந்த மாதிரி இருந்தது.

கால்நடை மருத்துவர் வந்தார். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகைப் பொடியைக் கொட்டி, மாட்டின் சிறுநீரில் சில சொட்டு விட்டார். கண் முன்னாலேயே பொடி நாவல்பழ நிறத்துக்கு மாறியது. “கீட்டோசிஸ். பாலுக்குப் போகிற சர்க்கரையைத் தீவனத்தால் ஈடுகட்ட முடியவில்லை. அதனால் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கழிவின் வாடைதான் இது” என்றார். குளுக்கோஸ் ஏற்றினார். சில நாளில் மாடு எழுந்து தீவனம் தின்றது. அந்த வாடை என் மூக்கில் பதிந்துவிட்டது.

அதே வருடம் ஐப்பசி மாதம். என் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். பல வருடமாகச் சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். காய்ச்சலில் சோறு இறங்கவில்லை. “சாப்பிடாதவருக்கு எதுக்கு ஊசி? சர்க்கரை இறங்கிப் போயிடும்” என்று வீட்டில் ஊசியை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் பழ வாடை அடித்தது. கட்டிலுக்கு அடியில் வாழைத்தார் பழுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் நினைவு தப்பித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். “இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் கையில் கிடைத்திருக்க மாட்டார்” என்றார் மருத்துவர். அது டயாபெட்டிக் கீட்டோ அசிடோசிஸ். மாட்டுக்கு வந்ததும் சித்தப்பாவுக்கு வந்ததும் ஒரே நோய் அல்ல. ஆனால் வாடைக்குக் காரணம் ஒன்றுதான். இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது. கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அதிலிருந்து வரும் கீட்டோன்கள் இரத்தத்தைப் புளிப்பாக்கும். அவற்றில் ஒன்றான அசிட்டோன் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும்.

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வார். “ஏன் கண்ணு, மாட்டுக்கு நீட்டுன மூக்கை எனக்கு நீட்டாமப் போயிட்டியே!” அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்றைக்கும் சுடும்.

வாடை எங்கிருந்து வருகிறது?

சிறுநீரில் பெரும்பகுதி தண்ணீர். கரைந்திருப்பதில் அதிகம் யூரியா. நாம் மூட்டையில் வாங்கிப் பயிருக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான். மூட்டையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாடை இருக்காது. ஈரமண்ணில் போட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துளைக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை அம்மோனியாவாக உடைப்பதுதான் காரணம். கழுவாத கழிப்பறையில் அடிப்பதும் இதே அம்மோனியாதான். அதனால் புதிதாகப் போன சிறுநீரின் வாடை வேறு, தேங்கி நின்றதன் வாடை வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

யூரியாவைத் தவிர, உடம்பு தன் வேலைகளைச் செய்யும்போது மிஞ்சுகிற நூற்றுக்கணக்கான பொருள்கள் மிகச் சிறிய அளவில் சிறுநீரில் இருக்கின்றன. அவற்றில் எளிதில் ஆவியாகிறவைதான் மூக்குக்கு எட்டுகின்றன. உடம்பில் ஏதாவது ஒரு வேலை தடைபட்டால் ஒரு பொருள் கூடும், இன்னொன்று குறையும், வாடை மாறும். இலையின் நிறம் மாறுவதைப் பார்த்து எந்தச் சத்துக் குறைவு என்று ஊகிக்கிறோமே, அது போலத்தான்.

இதை நம் முன்னோர்களும் கவனித்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் நீர்க்குறி என்று ஒரு சோதனை உண்டு. சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்ற ஐந்தையும் பார்ப்பார்கள். மணத்துக்கு அதில் தனி இடம் இருக்கிறது.

நார்வே நாட்டில் ஒரு தாய்

இந்தத் துறையில் என் மனதை விட்டு நீங்காத ஒரு சம்பவம் நார்வேயில் நடந்தது. ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். பிறக்கும்போது நன்றாக இருந்தவர்கள். வளர வளர மூளை வளர்ச்சி நின்றுபோனது. இரண்டு குழந்தைகளின் சிறுநீரிலும் ஒரு பூஞ்சை வாடை விடாமல் அடிப்பதை அந்தத் தாய் கவனித்தார். மருத்துவர் மாற்றி மருத்துவராகப் போய் “இது என்ன வாடை?” என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அதற்காக அவர் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

1934-ல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் அந்தச் சிறுநீர் வந்து சேர்ந்தது. அவர் வேதியியலும் படித்தவர். கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்க ஃபெரிக் குளோரைடு சொட்டுவிட்டார். செம்பழுப்பு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் பச்சை நிறம் வந்தது. விடாமல் மேலும் மேலும் சிறுநீர் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்ததில், ஃபினைல்பைருவிக் அமிலம் என்ற பொருள் பிடிபட்டது. புரதத்தில் உள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைப் பக்குவப்படுத்தும் வழி அந்தக் குழந்தைகளின் உடம்பில் பிறவியிலேயே அடைபட்டிருந்தது. தேங்கிய பொருள் மூளையைக் கெடுத்தது. அதன் கழிவுதான் அந்தப் பூஞ்சை வாடை. பிறகு மூளை வளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த இல்லங்களில் 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். 8 பேருக்கு அதே நோய் இருந்தது.

அந்தத் தாயின் குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் 1950-களில், அந்த அமினோ அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் பாதிப்பைத் தடுக்கலாம் என்று கண்டார்கள். 1960-களில், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறை வந்தது. அந்த நோயோடு பிறக்கிற குழந்தையை முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்து உணவை மாற்றினால், மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போகும். இத்தனைக்கும் தொடக்கம், வாடையை அலட்சியம் செய்யாத ஒரு தாய்.

வெந்தய வாடையும் ஒரு குழப்பமும்

இதே குடும்பத்தில் இன்னொரு பிறவி நோய் உண்டு. 1954-ல் அமெரிக்காவில் மென்கிஸ் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் முதலில் எழுதிவைத்தார்கள். பிறந்த முதல் வாரத்திலேயே குழந்தை பால் குடிக்க மறுக்கும், துவண்டு போகும், வலிப்பு வரும். சிறுநீரில் அந்த ஊரின் மேப்பிள் மரப்பாகின் வாடை அடிக்கும். அதனால் அந்தப் பாகின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள்.

மேப்பிள் பாகை நம்மில் பெரும்பாலோர் பார்த்தது கிடையாது. ஆனால் அந்த வாடை நமக்கு நன்றாகத் தெரியும். அதற்குக் காரணமான சோட்டோலோன் என்ற பொருள்தான் நம் வெந்தயத்துக்கும் அந்த மணத்தைக் கொடுக்கிறது. வெந்தயத்தைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களின் சிறுநீரிலும் வியர்வையிலும் அதே வாடை வரும். பிரசவத்துக்கு முன் தாய் வெந்தயம் சாப்பிட்டதால், ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தையிடம் அந்த வாடை அடித்து, நோயோ என்று மருத்துவர்கள் பதறிச் சோதித்துப் பார்த்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சோதனையில் குழந்தைக்கு ஒன்றுமில்லை.

அதனால் வெந்தயக் களி சாப்பிடும் நம் வீட்டுத் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். குழந்தை நன்றாகப் பால் குடித்து, அழுது, தூங்கி எழுந்தால் கவலையில்லை. அந்த வாடையோடு பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த இரண்டு நோய்களும், தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் குறை குழந்தைக்கு ஒன்றாகச் சேர்ந்து வருவதால் உண்டாகிறவை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு அதற்கான வாய்ப்புக் கூடுதல். அப்படிப்பட்ட வீட்டில் முதல் குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

மெசின் உண்மையா?

சகோதரி கேட்ட கேள்விக்கு வருவோம். உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல.

காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகங்களில் கேஸ் குரோமட்டோகிராப் என்ற கருவியைப் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதிரியை ஆவியாக்கி, மெல்லிய நீண்ட குழாய் வழியாகச் செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்து, வேறு வேறு நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். எது எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று கருவி கோடு போட்டுக் காட்டும். மஞ்சள், மிளகாய் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதே கருவியை வைத்துத்தான் 1971-ல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவும் மனித மூச்சையும் சிறுநீர் ஆவியையும் அளந்தார்கள். இரண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். மூச்சில் சுமார் 250 பொருள்களும் சிறுநீர் ஆவியில் சுமார் 280 பொருள்களும் இருப்பதைக் கண்டார்கள். மூக்கு ஒரே வாடையாக உணர்வது உண்மையில் எத்தனை பொருள்களின் கலவை என்பது அப்போதுதான் விளங்கியது. 1982-ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டாட் என்ற இருவர், பல உணரிகளை ஒன்றாகச் சேர்த்து மூக்கைப் போல வாடையைப் பிரித்தறியும் கருவி ஒன்றைச் செய்து காட்டினார்கள். மின்னணு மூக்கு என்கிறோமே, அதன் தொடக்கம் அது.

2004-ல் இங்கிலாந்தில் நாய்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஏழு சிறுநீர் மாதிரிகளில் ஒன்று மட்டும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவருடையது. பழக்கப்படுத்திய ஆறு நாய்கள் 54 முறையில் 22 முறை சரியான மாதிரியைக் கண்டுபிடித்தன. அதாவது 41 சதவீதம். குருட்டாம்போக்கில் தொட்டிருந்தால் 14 சதவீதம்தான் வந்திருக்கும். ஆக, அந்த நோய்க்கென்று ஏதோ ஒரு வாடை இருப்பது உறுதி. ஆனால் பாதிக்கு மேல் தவறிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். “உங்களுக்குப் புற்றுநோய் இல்லை” என்று தவறாக வருகிற ஒரு பதில் எவ்வளவு பெரிய கேடு!

ஏன் இன்னும் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?

மண் மாதிரிக்கு நான் சொன்னது நினைவிருக்கிறதா? வரப்போரம் எடுக்காதீர்கள், எருக்குவியல் கிடந்த இடத்தில் எடுக்காதீர்கள், மர நிழலில் எடுக்காதீர்கள், உரம் போட்டவுடன் எடுக்காதீர்கள். பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி எடுத்து, கலந்து, கால் பங்காகப் பிரித்து, கடைசியில் அரைக் கிலோ கொண்டுவாருங்கள். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கருவியும் பொய்தான் சொல்லும்.

சிறுநீர் வாடையிலும் இதே சிக்கல் பல மடங்கு இருக்கிறது. நேற்றுச் சாப்பிட்ட பூண்டு, காலையில் குடித்த காபி, சத்து மாத்திரை, பீடி, வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காதது, மாதிரி புட்டியில் இருந்த நேரம் என எல்லாமே வாடையை மாற்றும். ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஓர் ஊரில் நூறு பேரை வைத்துப் பழக்கிய கருவி, சாப்பாடு மாறிய இன்னொரு ஊரில் தடுமாறும். இதையெல்லாம் தாண்டி எல்லா இடத்திலும் ஒரே பதில் வருகிற அளவுக்குத் தேறினால்தான் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது வரும். புற்றுநோய்க்கும் மற்ற பல நோய்களுக்கும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. நல்லது நடக்கட்டும்.

அதுவரை, சந்தையிலோ கல்யாண மண்டபத்திலோ முகாம் போட்டு, “வாடையை வைத்தே எல்லா நோயும் சொல்கிறோம்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதே சமயம், நம் கைக்கு எட்டுகிற எளிய சோதனை ஒன்று ஏற்கனவே இருக்கிறது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை. சிறுநீரில் நனைத்தால் ஊதா நிறம் காட்டும். அன்றைக்குப் பல்லடத்தில் மாட்டு மருத்துவர் பயன்படுத்திய பொடியில் இருந்த சோடியம் நைட்ரோபுருசைட்தான் இந்தப் பட்டையிலும் வேலை செய்கிறது. சர்க்கரை, புரதம், கிருமித் தொற்று பார்க்கும் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையும் அரசு ஆஸ்பத்திரிகளில் உண்டு.

வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

ஒன்று: அழுகிய பழ வாடை மூச்சிலோ சிறுநீரிலோ அடித்து, கூடவே அடங்காத தாகம், வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மயக்கம் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கும் இது வரும். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று இளைத்து, தண்ணீர் தண்ணீராகக் குடித்து, இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், வாடை வரும்வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இரண்டு: இன்சுலின் போடுகிறவருக்குக் காய்ச்சல் வந்து சாப்பிட முடியாவிட்டாலும், நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள். அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. எங்கள் வீட்டில் செய்த தவறு உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

மூன்று: அம்மோனியா நெடி, அடர் மஞ்சள் நிறம், அளவும் குறைவு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீர்ப் பற்றாக்குறை. களை எடுக்கப் போகும் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இது சிறுநீரகத்துக்குக் கேடு. தோட்டத்து முதலாளிகளே, நாலு தட்டி வைத்து ஒரு மறைவிடம் கட்டிக் கொடுப்பது பெரிய செலவு அல்ல.

நான்கு: கெட்ட வாடையோடு எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். கர்ப்பிணிகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்குவதும் கூடாது.

ஐந்து: வாடை தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. அசிட்டோன் வாடை சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது. சர்க்கரைக்குத் தனியாக வாடையும் கிடையாது. சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை வைத்துத்தான் அந்தக் காலத்தில் கண்டுபிடித்தார்கள்.

அந்த அப்பாவுக்கு என்ன ஆனது?

போனில் நான் சகோதரியிடம் இரண்டே கேள்வி கேட்டேன். “அப்பா வாந்தி எடுக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா?” இல்லை என்றார். “அப்படியானால் இன்றைக்கு ராத்திரி பயமில்லை. நாளைக் காலையில் எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தெரியாமல் மாதிரி எடுக்க வேண்டாம். உங்கள் பயத்தை அவரிடமே சொல்லுங்கள்” என்றேன்.

மூன்று நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பரிசோதனையில் கீட்டோன் இல்லை. நான் பயந்தது தவறு. ஆனால் இரத்தச் சர்க்கரை 310. பிறகு அந்த இனிப்பு வாடை எங்கிருந்து வந்தது? மருத்துவர் விசாரித்தபோது அப்பா மெல்லச் சொல்லியிருக்கிறார். கால் மரத்துப்போவதும் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போவதுமாக இருந்ததால், சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். மகளுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று, யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் எழுந்து ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். இரண்டு மாதமாக.

வீட்டில் அடித்தது நோயின் வாடை அல்ல, அந்த மனிதர் மறைத்து வைத்திருந்த பயத்தின் வாடை. இப்போது மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். வெந்தயம் சமையலில் இருக்கட்டும், அதையே மருந்தாக நம்பி இருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

வாடை என்பது வாசலில் வந்து நிற்கிற தபால்காரர் மாதிரி. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாம்தான் வாங்கிப் பிரித்துப் படிக்க வேண்டும். படிக்கும் இடம் ஆய்வகம். ஆனால் கதவைத் திறக்காமலே இருந்துவிட்டால் கடிதம் கைக்கு வராது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பரிசோதனைக்குச் சிறுநீர் எடுக்கும் சரியான முறை என்ன? (வாசகி, மணப்பாறை)

பதில்: மூடியுள்ள சுத்தமான, உலர்ந்த டப்பா வேண்டும். ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டுச் சோப்பு போட்டுக் கழுவிய பாட்டில் வேண்டாம். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பையில் வைத்து வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோனால், மேலே சொன்ன அம்மோனியா கதைதான். சாப்பிடும் மாத்திரைகளையும், பெண்களுக்கு மாதவிலக்கு நாள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு எண்பது வயது. சிறுநீர் கொஞ்ச நாளாக வாடை அடிக்கிறது. வேறு தொந்தரவு இல்லை. மருந்து கொடுக்கலாமா? (வாசகி, ஆத்தூர்)

பதில்: வாடையை மட்டும் வைத்துக் கிருமி மருந்து கொடுக்கக் கூடாது. வயதானவர்கள் ராத்திரி எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்காவிட்டால், பகலில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சல், எரிச்சல், திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: கன்று ஈன்ற என் பசுவின் பாலில் ஒரு மாதிரி வாடை. அது கீட்டோசிஸா? (வாசகர், காங்கயம்)

பதில்: கறவை அதிகமுள்ள மாடாக இருந்து, தீவனத்தை விட்டு வைக்கோலை மட்டும் தின்று, இளைத்தும் போனால் சந்தேகப்படலாம். கால்நடை மருத்துவர் சிறுநீரையோ பாலையோ உடனே சோதித்துச் சொல்லிவிடுவார். மாடு நன்றாகத் தின்றுகொண்டிருந்தால், கறக்கும் நேரத்துக்கு முன் என்ன பசுந்தீவனம் போட்டீர்கள் என்று பாருங்கள். சில செடிகளின் வாடை பாலில் இறங்கும்.

கேள்வி: ஆஸ்பத்திரி தூரம், கூலியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. வேறு வழி உண்டா? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். உங்கள் ஊர்ச் சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம். மோட்டார் சத்தம் மாறினாலே மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறவர்கள் நாம். நம் உடம்புக்கும் அதில் பாதி அக்கறையாவது காட்டுவோம்.

அடுத்த இதழில், நெல்லில் துத்தநாகக் குறைபாடு பற்றிப் பார்ப்போம். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.